வேலி தாண்டாத எலுமிச்சைப் புதினா

பூவன்குறிச்சியில் பந்தல் போடுகிறவர்கள் நாலு பேர்: ஆவுடையப்பன், பட்டுராசன், ஐயம்பெருமாள், கொம்பையா. கழி நடுவதிலும் கயிறு முறுக்குவதிலும் தட்டி கட்டுவதிலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆடி மாதத்து மலைக்காற்றுக்கு மற்றவர்கள் போட்ட பந்தல் பறந்து பக்கத்து ஊருக்குப் போகும். இவர்கள் போட்டது நின்ற இடத்தில் நிற்கும். ஒரே ஒரு சங்கடம். சொன்னதைச் செய்வார்கள். சொன்ன சொல்லை அப்படியே, தோல்கூட உரிக்காமல் செய்வார்கள்.

போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில், "தாலி கட்டி முடிஞ்சதும் பந்தலைப் பிரிச்சிருங்கப்பா" என்று பெண்ணின் தகப்பனார் சொன்னார். மூன்றாவது முடிச்சு விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஐயம்பெருமாள் கயிற்றை அறுத்தான். ஓலைக்கு அடியிலிருந்து மாப்பிள்ளையைத் தேடி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. முதலில் வேறு ஒருவரைத்தான் எடுத்தார்கள்.

நாலு பேரில் ஆவுடையப்பன்தான் தலைவன். வயது நாற்பத்திரண்டு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. முறுக்கிவிட்ட மீசை, அதற்கு ஈடுகொடுக்கும் அடர்ந்த புருவம். "உம்ம முகத்துல என்ன களை வே!" என்று பந்தல் போடப் போகிற இடமெல்லாம் சொல்வார்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் தினமும் ஆறு வேளை தேநீர் குடித்தான். தேநீர்மேல் அவனுக்குப் பெரிய ஆசை கிடையாது. போட்டுக் கொடுக்கிறவள் செண்பகவடிவு.

வடிவுக்கு அருவி போகிற பாதையில், பேருந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கடை. கடைக்குப் பின்னால் தட்டி வேலி கட்டிய சின்னத் தோட்டம். அதில் ஒரு பக்கம் எலுமிச்சைப்புல், இன்னொரு பக்கம் எலுமிச்சைப் புதினா. இலையைக் கசக்கி மோந்தால் எலுமிச்சம்பழம் தோற்கும். அதைப் போட்டு அவள் கொதிக்க வைக்கிற தேநீருக்காக, அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஊரில் எல்லா ஆம்பிளையையும் வடிவு "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவாள். பட்டுராசன் அண்ணாச்சி, ஐயம்பெருமாள் அண்ணாச்சி, கொம்பையா அண்ணாச்சி. ஆவுடையப்பனை மட்டும் "இந்தாங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நாலு வருஷமாக உயிர் வாழ்ந்தான். நாலாவது வருஷக் கடைசியில் தைரியம் வந்து, "வடிவு, நம்ம விஷயம்..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஏழாவது தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இப்படி இருக்கையில் சங்கரன்கோவிலில் இருந்த வடிவின் தங்கைக்குப் பேறுகாலம் வந்தது. பன்னிரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். கடை பூட்டிக் கிடக்கும், தோட்டம் பூட்டிக் கிடக்குமா? பேருந்தில் ஏறுகிற அவசரத்தில் அவள் ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க, நல்லாக் கேட்டுக்கிடுங்க. தினம் காலையில செடிக்குத் தண்ணி காட்டணும். புல்லுத் தூருல மண்ணை அணைக்கணும். களை இருந்தா எடுத்துருங்க. இந்தப் புதினா இருக்கே, மகா போக்கிரி. மண்ணுக்கடியிலயே வேர் ஓடும். அடி இல்லாத வாளி ஒண்ணை வாங்கிப் புதைச்சு, அதுக்குள்ள நட்டு வைங்க, அடங்கிக் கிடக்கும். மண்ணுக்கு மேல ரெண்டு விரல் தெரியணும், மறந்துராதீங்க. பூ வைக்க மட்டும் விட்டுராதீங்க, அப்புறம் நம்மளால சமாளிக்க முடியாது. நான் வரும்போது செடி வேலியைத் தாண்டாம இருந்துச்சுன்னா..."

பேருந்து நகர்ந்தது. ஆவுடையப்பன் கூடவே ஓடினான்.

"இருந்துச்சுன்னா?"

"நம்ம விஷயத்தைப் பேசுவோம்!" என்றாள் ஜன்னல் வழியாக.

ஆவுடையப்பன் அடுத்த நிறுத்தம் வரைக்கும் ஓடிவிட்டுத்தான் திரும்பினான். ஓட வேண்டிய அவசியம் ஏதும் இல்லை. கால் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பொழுது விடிய நாலு பேரும் தோட்டத்தில் ஆஜர். பட்டுராசன் கிணற்றிலிருந்து பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் குனிந்து குடத்தைக் காட்டினான். காட்டி முடித்ததும் தண்ணீரைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கிணற்றிலேயே ஊற்றினான்.

மூன்றாம் நாள் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"காட்டிக் காட்டிட்டுத் திரும்பக் கொண்டு போறோம்லா, அதான் ஏங்கிருச்சு" என்றான் ஐயம்பெருமாள். அவனுக்கு இளகிய மனசு.

"அதில்லல. நீ குடத்தை நிமிர்த்திக் காட்டுத. செடியோ முழங்கால் உயரம். அதுக்குக் குடத்தோட வயிறுதான் தெரியும். உள்ள தண்ணி இருக்கா, காத்து இருக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான் கொம்பையா.

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பட்டுராசன் குடத்தைச் சாய்த்துக் காட்டினான். காட்டின கையோடு தண்ணீர் முழுவதும் செடியில் கொட்டிவிட்டது.

"கெடுத்தியே!" என்று ஆவுடையப்பன் தலையில் கை வைத்தான். "காட்டத்தானல சொன்னா! ஓடு, வேற கொண்டா!"

வேறு குடம் வந்தது. அதுவும் கொட்டியது. கொட்டாமல் சாய்க்க நாலு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் தொண்ணூறு குடம் ஆயிற்று. கிணற்றில் தவளை தரையில் உட்கார்ந்திருந்தது. ஆனால் சாயங்காலம் பார்த்தால் செடி அத்தனையும் நிமிர்ந்து நின்றது.

"பாத்துருச்சுல!" என்றான் பட்டுராசன். அவன் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் சாய்த்துத்தான் காட்டினார்கள். தினமும் கொட்டியது. தினமும் வருத்தப்பட்டார்கள். புதினா தினமும் ஒரு சாண் வளர்ந்தது.

மண்ணை அணைக்கிற வேலை ஐயம்பெருமாளுக்கு. அவன் எலுமிச்சைப்புல் தூருக்குப் பக்கத்தில் படுத்து, இரண்டு கையாலும் மண்ணைச் சேர்த்துக் கட்டிக்கொண்டான். அந்தப் புல்லின் ஓரம் கத்தி மாதிரி. ஒவ்வொரு தூராக அணைத்து முடித்து எழுந்தபோது உடம்பெல்லாம் கோடு கோடாகக் கீறல். அதற்கு மேல் எலுமிச்சை வாசம். வீட்டுக்குப் போனதும் அவன் பெண்டாட்டி நெல்லையம்மை மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கீறலைப் பார்த்தாள்.

"யாரைக் கட்டிப் பிடிச்சீரு?"

"மண்ணைத்தான்."

"இது யாரு நகம்?"

"புல்லோடது."

அதற்குப் பிறகு அவள் அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே தோட்டத்துக்கு வந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் கண்ணை மூடிக்கொண்டு மண்ணைக் கட்டிப் பிடித்துக் கிடந்தான். வேறொருத்தியாக இருந்தால்கூடப் பரவாயில்லையே என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போனாள்.

களைதான் சிக்கலாகிவிட்டது. நாலு பேரும் தோட்டத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. எது களை, எது களையில்லை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

"களை இருந்தா எடுக்கச் சொல்லிருக்கா. இல்லேன்னா விட்டுரலாம்லா?" என்றான் ஐயம்பெருமாள்.

"இருக்கு" என்றான் கொம்பையா மெதுவாக. அவன் ஆவுடையப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்லயே களை இருக்கிறது ஒரே எடத்துலதான். ஊரே சொல்லியிருக்கு."

மற்ற இரண்டு பேரும் திரும்பி ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் மீசையைப் பொத்திக்கொண்டான். அந்த மீசைக்கு இருபது வருஷம் விளக்கெண்ணெய் போட்டிருக்கிறான். அந்த மீசையைப் பார்த்துத்தான் வடிவு "இந்தாங்க" என்கிறாள் என்பது அவனுடைய அந்தரங்கமான நம்பிக்கை. ஆனால் அதே வடிவுதானே எடுக்கவும் சொல்லியிருக்கிறாள்? அவள் கேட்கிற முதல் காரியம். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தான். பிறகு துண்டை உதறிப் போட்டுச் சம்மணம் கூட்டி உட்கார்ந்தான்.

"எடுல" என்றான்.

கொம்பையா கத்தியைத் தீட்டினான். மீசை போயிற்று. மூவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் களை தெரியுது" என்றான் பட்டுராசன், மனசு கேட்காமல். புருவமும் போயிற்று. மறுபடியும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"இப்ப?" என்றான் ஆவுடையப்பன்.

"சுத்தமாப் போயிருச்சு" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

ஆவுடையப்பன் கிணற்றில் எட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து முட்டை மாதிரி ஒன்று அவனை எட்டிப் பார்த்தது. தவளை தண்ணீருக்குள் குதித்துவிட்டது.

இந்தக் கலவரத்தில் புதினா சும்மா இருக்குமா? வேர் ஓடும் என்று வடிவு எச்சரித்திருந்ததால் கொம்பையா தினமும் காதைத் தரையில் வைத்துக் கேட்டான். "நடக்குதுதான். இன்னும் ஓட ஆரம்பிக்கல" என்று முதல் நாலு நாள் சொன்னான். ஐந்தாம் நாள் காதை வைத்தவன் துள்ளி எழுந்தான். அவன் காதுக்கடியிலேயே ஒரு முளை. "வந்துருச்சு! வாளி வாங்கணும்!"

நாலு பேரும் சந்தைக்குப் போய்ப் பாத்திரக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்கள்.

"அடி இல்லாத வாளி ஒண்ணு வேணும்."

கடைக்காரர் அனுபவஸ்தர். "அடி போன வாளியா? அது பழைய இரும்புக் கடையில கெடைக்கும்யா. நான் புது வாளில்லா விக்கேன்."

"பழசு வேண்டாம் அண்ணாச்சி. பழசுன்னா நெறைய வாங்கியிருக்கும். எங்களுக்கு ஒரு அடிகூட வாங்காத வாளியாப் பாத்துக் குடுங்க."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் வியாபாரத்தை விட்டுவிடுவாரா? ஒரு தகர வாளியை எடுத்தார். "இதைப் பாருங்க, கல்லு மாதிரி" என்று முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். டங் என்றது.

"அய்யய்யோ, அடிச்சிட்டாரே!" என்று பதறினான் ஐயம்பெருமாள்.

"அது வேண்டாம். வேற காட்டுங்க" என்றான் ஆவுடையப்பன்.

அடுத்த வாளியை எடுத்தார். "இது இன்னும் கனம்." டங்.

பதினோரு வாளி இப்படிக் கெட்டுப்போயிற்று. பன்னிரண்டாவதாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளியை நோக்கிக் கடைக்காரர் கையை ஓங்கும்போது, பட்டுராசன் பாய்ந்து அதைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிவிட்டான். துண்டில் சுற்றி, நாலு பேரும் முன்னும் பின்னும் காவல் வர, ஒரு இடத்திலும் இடிக்காமல் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். குழி தோண்டி, வாளியை இறக்கி, அதற்குள் மண் நிரப்பி ஒரு கொத்துப் புதினாவை நட்டார்கள். மிச்சப் புதினா வெளியே அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வாளிதான் வைத்தாயிற்றே.

"மண்ணுக்கு மேல ரெண்டு விரல் தெரியணும்" என்று நினைவுபடுத்தினான் ஆவுடையப்பன்.

"யாரோடது?" என்றான் கொம்பையா.

அதை அவள் சொல்லவில்லை. ஆகையால் முறை போட்டுக்கொண்டார்கள். முதல் முறை கொம்பையாவுக்கு. வாளிக்குப் பக்கத்தில் அவன் ஒருக்களித்துப் படுத்தான். கையை மணிக்கட்டுக்கு மேலே மூடிப் புதைத்து, இரண்டு விரலை மட்டும் வெளியே விட்டார்கள். வழியில் போகிறவர்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னவே இது?" என்று கேட்டால், "ரெண்டு விரல் தெரியுதா?" என்று படுத்தபடியே கேட்பான். "தெரியுது" என்பார்கள். "அப்பச் சரி" என்பான். ஒரு கோழி வந்து புழுவென்று நினைத்துக் கொத்தியது. "ஒரு விரல்தான் வலிக்கு, இன்னொண்ணு நல்லா இருக்கு" என்று கொம்பையா உற்சாகமாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமைதான் பெரிய சோதனை வந்தது. "பூ வைக்க மட்டும் விட்டுராதீங்க" என்று வடிவு சொன்னதை ஆவுடையப்பன் அத்தனையிலும் கஷ்டமானதாக நினைத்து, தன் பொறுப்பிலேயே வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை என்றால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தலை குளித்து, மல்லிகையும் பிச்சியும் வைத்துக்கொண்டு அம்மன் கோவிலுக்குப் போவார்கள். ஆவுடையப்பன் தோட்டத்துக்கு முன்னால் பாதையை மறித்து நின்றான்.

"ஆத்தா, தாயி, யாரும் பூ வைக்கக் கூடாது. வச்சிருக்கிறதை எடுத்துருங்க."

"நீ யாருல, முட்டை மூஞ்சி?" என்றாள் முன்னால் வந்த நெல்லையம்மை. மண்ணைக் கட்டிப் பிடிக்கும் புருஷன்மீது இருந்த கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"நான் ஆவுடையப்பன். பூ வச்சா சமாளிக்க முடியாதுன்னு வடிவு சொல்லியிருக்கா."

"அவ யாரு, எங்க தலையில பூ வைக்கக் கூடாதுன்னு சொல்ல?"

பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டுராசன் ஒரு கிழவியின் கொண்டையிலிருந்து மல்லிகைச் சரத்தை மரியாதையாக, இரண்டு விரலால் எடுத்துவிட்டான். அந்த மரியாதையை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து வாசல்களில் சாத்தியிருந்த விளக்குமாறுகள் அத்தனையும் கைக்கு வந்துவிட்டன. மூன்று பேரும் தோட்டத்துக்குள் ஓடினார்கள். பெண்களும் ஓடினார்கள். புதினாப் பாத்தியில் மூன்று சுற்று; அப்புறம் வேலியைப் பிய்த்துக்கொண்டு தெருவில்; தெருவிலிருந்து கோவில் வாசல், கோவில் வாசலிலிருந்து வாய்க்கால் கரை, மந்தை, திரும்ப மறுபடியும் பாத்தி. அன்றைக்கும் விரல் முறை கொம்பையாவுக்கு; அவன் புதைந்த கையை உருவ முடியாமல், இரண்டு விரலைக் காட்டிக்கொண்டே முதுகில் அத்தனை அடியையும் வாங்கினான். வாளிமேல் ஒரு அடிகூட விழாமல் உடம்பால் மறைத்துக்கொண்டான் என்பதையும் சொல்லவேண்டும்.

புதினாவுக்கு ஒரு குணம். ஒடிந்து விழுந்த தண்டு ஈரம் கண்டால் போதும், விழுந்த இடத்திலேயே வேர் பிடிக்கும். நாற்பது பெண்கள், மூன்று ஆண்கள். அத்தனை காலிலும் ஒட்டிய தண்டு ஊரெங்கும் விழுந்தது. அன்று மத்தியானம் நல்ல சாரல். இரண்டு நாளில் தெருவோரம், கோவில் வாசல், வாய்க்கால் கரை, எங்கும் பச்சை. ஊரே எலுமிச்சம்பழம் மாதிரி மணத்தது. மாடு அதையே மேய்ந்து, பாலும் மணத்தது.

ஆவுடையப்பன் வேலியருகில் நின்று பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு முழத்தில் ஒரு கொத்து.  இன்னும் மூன்று நாளில் வடிவு வந்துவிடுவாள். மீசையும் இல்லை, புருவமும் இல்லை. செடியும் வேலியைத் தாண்டிவிட்டது. பிறகு எந்த விஷயத்தைப் பேசுவது?

"போச்சுல" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "தாண்டிருச்சு."

 பட்டுராசன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவ என்ன சொன்னா? செடி வேலியைத் தாண்டக் கூடாதுன்னா?"

"ஆமா."

"வேலி செடியைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னாளா?"

ஆவுடையப்பன் யோசித்தான். அப்படி அவள் சொல்லவே இல்லை. எழுந்து பட்டுராசனைக் கட்டிக்கொண்டான்.

அப்புறம் நடந்ததுதான் வேலை. பந்தல்காரர்கள் இல்லையா? கழியைப் பிடுங்கி, நாலு முழம் தள்ளி நட்டார்கள். செடி உள்ளே வந்துவிட்டது. தெருவோரத்துக் கொத்து வெளியே தெரிந்தது. வேலியைத் தெருவுக்குத் தள்ளினார்கள். கோவில் வாசல் தெரிந்தது. அங்கே தள்ளினார்கள். பந்தலுக்கு வைத்திருந்த முந்நூறு கழியும் அத்தனை தட்டியும் தீர்ந்துபோயின. ஊராரிடம் கதவு கேட்டார்கள். "வேலிக்குள்ளதான் ஊரே இருக்கே, கதவு எதுக்கு?" என்று ஐயம்பெருமாள் கேட்டான். நியாயம்தான் என்று ஊரார் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். பதினோராம் நாள் சாயங்காலம் பூவன்குறிச்சி முழுவதும், கோவிலும் குளமும் மந்தையும் சேர்த்து, ஒரே வேலிக்குள் இருந்தது. ஒரு புதினா வெளியே கிடையாது.

கடைசிக் கழியை நட்டு, கயிற்றை முறுக்கிக் கட்டிவிட்டு நாலு பேரும் நிமிர்ந்தார்கள். அப்போதுதான் ஐயம்பெருமாள் கேட்டான்.

"ஊரு உள்ள இருக்கு. நாம எங்கன இருக்கோம்?"

பார்த்தார்கள். வெளியே இருந்தார்கள்.

"ஏறிக் குதிச்சிருவோமா?" என்றான் கொம்பையா.

"வேலியைத் தாண்டக் கூடாதுல" என்றான் ஆவுடையப்பன் கண்டிப்பாக. "செடிக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?"

ஒரே வழிதான் இருந்தது. வேலியைத் தங்களுக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி நடுவது. பிடுங்கினார்கள். பத்து முழம் தள்ளி நட்டார்கள். கட்டிவிட்டு நிமிர்ந்தால் மறுபடியும் வெளியே நின்றார்கள்.

"நாம நகர்ந்துட்டோம்போல" என்றான் பட்டுராசன். இன்னொரு பத்து முழம் தள்ளினார்கள். மறுபடியும் வெளியே. மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை இப்படியே தள்ளிக்கொண்டு போனதில் வேலி அருவிப் பாதைக்குக் குறுக்கே வந்துவிட்டது. பாதையின் நடுவில் ஒரு கழியை நட்டபோதுதான், அதற்கு ஊர்ப் பக்கமாக நின்று நட்டாலும் கழி நிற்கும் என்று கொம்பையா தற்செயலாகக் கண்டுபிடித்தான். நாலு பேரும் ஒருவழியாக உள்ளே இருந்தார்கள். சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் ஆடினார்கள்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே வடிவு வந்த பேருந்து வந்து நின்றது. போக வழியில்லாமல் ஓட்டுநர் ஹாரனை அமுக்கினார். வடிவு பையோடு இறங்கி வந்தாள். கடை தெரிய வேண்டிய திசையில் ஒரு கோட்டைச் சுவர் மாதிரி தட்டி, ஓலை, வீட்டுக் கதவு, கட்டில் பலகை. அத்தனைக்கும் மேலே குப்பென்று எலுமிச்சை வாசம். ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். எதிரில் முகத்தில் ஒரு மயிர்கூட இல்லாமல் ஒரு ஆள் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, இங்க என்ன நடக்கு?" என்றாள் அந்த ஆளிடம்.

ஆவுடையப்பனுக்கு நெஞ்சில் உலக்கை விழுந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டு நாள் பட்ட பாட்டில் ஒன்றுகூட அவனை இவ்வளவு வலிக்கவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது.

"நான்தான் வடிவு" என்றான். "நீ களையை எடுக்கச் சொன்னேல்லா."

வடிவு அவன் குரலைக் கேட்டாள். முகத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர் காட்டியது, மண்ணை அணைத்தது, அடி வாங்காத வாளி, இரண்டு விரல், பூ, விளக்குமாறு, வேலி. கொம்பையா சாட்சிக்கு விரலைக் காட்டினான். ஐயம்பெருமாள் கீறலைக் காட்டினான். சொல்லி முடித்தபோது வடிவு தரையில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். பேருந்திலிருந்து இறங்கிய ஓட்டுநர், அவளுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்.

"செடி வேலியைத் தாண்டல வடிவு" என்றான் ஆவுடையப்பன் தயக்கத்தோடு. "வேணும்னா சுத்திப் பாரு. ரெண்டு மணி நேரம் நடக்கணும்."

வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னை இதுக்கு முன்னால பொண்ணு பார்க்க வந்தவங்க மூணு பேரு. மூணு பேரும் மகா விவரமானவங்க. சொல்லுதது ஒண்ணு, செய்யுதது ஒண்ணு. சொன்னதைச் சொன்னபடி செய்யுத ஆம்பிளையை நான் இன்னைக்குத்தான் பாக்கேன்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "இந்தாங்க. மீசை வளரட்டும். அதுக்குள்ள நம்ம கல்யாணத்துக்கு ஒரு நல்ல நாளாப் பாருங்க."

ஆவுடையப்பன் அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை. மறுநாள் விடியக் கருக்கலில் மூவரையும் எழுப்பி, குளிப்பாட்டி, குளக்கரைக்குக் கூட்டிப்போனான். நாலு பேரும் கிழக்கே பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். இமைக்கக்கூடாது என்று பேச்சு. பசித்தபோது ஒருத்தன் சாப்பிட, மூன்று பேர் பார்த்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆவுடையப்பன் கடை வாசலில் வந்து நின்றான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"வடிவு, நாள் பார்த்தாச்சு."

வடிவு அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். வெட்கமாக இருந்தது. "எந்த நாளு?"

"இன்னைக்குத்தான். காலையில அருமையா இருந்துச்சு. மத்தியானம் கொஞ்சம் வெக்கை. நாலு மணிக்கு லேசா ஒரு தூத்தல், உடனே விட்டுருச்சு. மொத்தத்துல கல்யாணத்துக்கு ஏத்த நாளுதான். நாலு பேருக்கும் பிடிச்சிருந்துச்சு."

"அப்போ?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான்.

"அதுலதான் ஒரு சிக்கல். நாங்க பாத்து முடிக்கறதுக்குள்ள அது முடிஞ்சு போச்சு. நாளைக்கு வேற ஒண்ணு வருதாம். பட்டுராசன் கரையிலேயே எடம் பிடிச்சு உக்காந்திருக்கான்."